நான்கில் ஒன்று என்றால் என்ன?

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் தம்பதியரிடம் நான் ஒரு வாக்கியம் சொன்னேன். "உங்கள் இருவரிடமும் தலசீமியா மரபணு இருக்கிறது; பிறக்கும் குழந்தைக்கு நோய் வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று." அவர்களுடைய மூத்த மகளுக்கு அப்போது இரண்டு வயது. மூன்று வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொள்ள எங்கள் பிரிவுக்கு வந்துகொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுத் தந்தை தலையசைத்தார், தாயும் தலையசைத்தார். புரிந்துவிட்டது என்று எண்ணி, கோப்பில் 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, ஏழு மாத ஆண் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி அவர்கள் மீண்டும் வந்தார்கள். குழந்தை வெளுத்திருந்தான். மண்ணீரல் வீங்கியதால் வயிறு உப்பியிருந்தது. பரிசோதனை முடிவு வரும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. "கருவுற்றதும் ஏன் என்னிடம் வரவில்லை?" என்று கேட்டேன். தந்தை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நான்கில் ஒன்று என்றுதானே சொன்னீர்கள், டாக்டர்? அந்த ஒன்று எங்களுக்கு முதலிலேயே வந்துவிட்டது. அடுத்த மூன்றும் நல்லபடியாக இருக்கும் என்று நினைத்துவிட்டோம்."

அவர் படித்தவர், கணக்குத் தெரிந்தவர். நான்கு மாம்பழங்களில் ஒன்று அழுகியது என்று கடைக்காரர் சொன்னால், அழுகியதை எடுத்து எறிந்தபின் மீதி மூன்றும் நல்லவை என்றுதான் எவரும் கொள்வார்கள். அப்படியே அவரும் கொண்டார். பிழை என்னுடையது. விளக்கவேண்டிய ஒன்றை ஒரே வாக்கியத்தில் அறிவித்துவிட்டுக் கோப்பை மூடியிருந்தேன்.

அன்றுமுதல் அந்த வாக்கியத்தை நான் தனியாகச் சொல்வதில்லை. என் மேசை இழுப்பறையில் ஓர் எவர்சில்வர் டம்ளரும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களும் எப்போதும் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு நாங்கள் செய்யும் சிறு கணக்குப் பயிற்சியை இந்தக் கட்டுரையில் உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். வீட்டில் நீங்களே செய்து பார்க்கலாம்.

இரண்டு நாணயங்கள்

முதலில் அடிப்படை. நம் உடலின் இரத்தச் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்னும் புரதம் இருக்கிறது. அதன் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணு பதினோராவது குரோமோசோமில் உள்ளது. இந்த மரபணு ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகளாக இருக்கும். ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்தது. இரண்டில் ஒன்று மட்டும் பழுதாக இருந்தால் அவருக்கு நோய் இல்லை. சற்றே இரத்தக் குறைவு இருக்கலாம். மற்றபடி இயல்பாக வாழ்வார். மருத்துவமனையில் 'கேரியர்' என்றும் 'தலசீமியா மைனர்' என்றும் நீங்கள் கேட்டிருப்பது இவரைத்தான். இங்கே அவரை 'மரபணு சுமப்பவர்' என்று அழைப்போம். இரண்டு பிரதிகளுமே பழுதாக இருந்தால் வருவது 'தலசீமியா மேஜர்'. வாழ்நாள் முழுதும் இரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டிய நோய் இதுவே.

இப்போது நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பூ விழுந்தால் நல்ல மரபணு. தலை விழுந்தால் பழுதான மரபணு. மரபணு சுமக்கும் தந்தை ஒரு நாணயம். மரபணு சுமக்கும் தாய் மற்றொரு நாணயம். குழந்தை உருவாகும்போது ஒவ்வொருவரும் தம் இரண்டு பிரதிகளில் ஒன்றை மட்டுமே கொடுக்கிறார்கள். எது போகும் என்பதை எவரும் தீர்மானிப்பதில்லை. நாணயத்தைச் சுண்டுவதுபோல்தான் அது நடக்கிறது.

இரண்டையும் ஒருசேரச் சுண்டினால் நான்கு விதமாக விழலாம். பூவும் பூவும் விழுந்தால், குழந்தையிடம் பழுதான மரபணுவே இல்லை. தந்தையின் நாணயம் பூவாகவும் தாயின் நாணயம் தலையாகவும் விழுந்தால், குழந்தை மரபணு சுமப்பவர். தந்தையுடையது தலையாகவும் தாயுடையது பூவாகவும் விழுந்தாலும் அவ்வாறே. இரண்டும் தலையாக விழுந்தால் மட்டுமே நோய். நான்கு விதங்களில் ஒன்றே நோயைத் தருகிறது. 'நான்கில் ஒன்று' என்னும் எண் இங்கிருந்துதான் வருகிறது.

இந்த இடத்தில் பல குடும்பங்களில் ஒரு மௌனம் விழுவதைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை, பேத்தியுடன் வந்திருந்த ஒரு மூதாட்டி, "எங்கள் வம்சத்தில் இப்படி ஒன்று கிடையாது, எல்லாம் மருமகள் வீட்டு இரத்தம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் மகனுக்குரிய நாணயத்தை அவர் கையிலேயே கொடுத்துச் சுண்டச் சொன்னேன். மருமகள் மற்றொன்றைச் சுண்டினார். ஐந்தாவது முறை இரண்டும் தலையாக விழுந்தன. மூதாட்டி தம் நாணயத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. தலசீமியா மேஜர் உள்ள குழந்தைக்குப் பழுதான மரபணு இரு பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறது. இதில் எவரும் குற்றவாளி அல்லர். ஒருவர் மட்டும் காரணமும் அல்லர்.

நான்கு முறை சுண்டிப் பாருங்கள்

பயிற்சியின் அடுத்த பகுதியை இரத்தம் ஏற்றும் நாட்களில் பகல்நேரச் சிகிச்சைப் பிரிவிலேயே நடத்துகிறோம். குழந்தைகளுக்கு இரத்தம் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் பெற்றோருக்கும் ஒரு வேலை கிடைக்கிறது. ஒவ்வொரு குடும்பமும் இரண்டு நாணயங்களையும் நான்கு முறை சுண்டவேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு குழந்தை பிறந்ததாகக் கொண்டு, பலகையில் குறிக்கவேண்டும்.

ஒரு நாள் பத்துக் குடும்பங்கள் விளையாடின. நான்கு குடும்பங்களில் மட்டுமே நோயுள்ள குழந்தை ஒன்று. மூன்று குடும்பங்களில் ஒன்றுகூட இல்லை. இரண்டு குடும்பங்களில் இரண்டிரண்டு. ஒரு குடும்பத்தில் நான்கில் மூன்று. "எங்கள் நாணயம் சரியில்லை, டாக்டர்" என்று அந்தத் தாய் சிரித்தார். நாணயம் சரியாகத்தான் இருந்தது. நான்கில் ஒன்று என்றால், நான்கு குழந்தைகளில் சரியாக ஒன்றுக்கு வரும் என்று பொருளல்ல என்பதைத்தான் பலகை காட்டியது.

கணக்காகவும் இதைப் போட்டுப் பார்க்கலாம். பெற்றோர் இருவரும் மரபணு சுமக்கும் 256 குடும்பங்களை எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு குழந்தைகள். நிகழ்தகவின்படி எதிர்பார்க்கக்கூடியது இது: 81 குடும்பங்களில் நோயுள்ள குழந்தையே இல்லை. 108 குடும்பங்களில் ஒரு குழந்தை. 54 குடும்பங்களில் இருவர். 12 குடும்பங்களில் மூவர். ஒரு குடும்பத்தில் நால்வருக்கும் நோய். மொத்தக் குழந்தைகள் 1,024. அவர்களில் நோயுள்ளோர் 256. அனைத்தையும் கூட்டினால் சரியாக நான்கில் ஒன்று. ஆனால் பாதிக்கும் குறைவான குடும்பங்களில்தான் 'நான்கில் ஒருவர்' என்னும் நிலை இருக்கிறது.

மரபியலின் தொடக்கமும் இத்தகைய எண்ணிக்கையே. இன்றைய செக் குடியரசில் உள்ள புர்னோ நகரத்து மடத்தில் வாழ்ந்த கிரெகோர் மெண்டல் என்னும் துறவி, பட்டாணிச் செடிகளை ஆண்டுக்கணக்கில் கலப்பினம் செய்து, 1866ஆம் ஆண்டில் முடிவுகளை அச்சிட்டார். ஓர் ஆய்வில் அவர் 7,324 விதைகளை எண்ணினார். உருண்டையானவை 5,474, சுருங்கியவை 1,850. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. ஒரே ஒரு காயைப் பிரித்து அதிலிருந்த சில விதைகளை மட்டும் எண்ணியிருந்தால் இந்த ஒழுங்கு அவர் கண்ணில் பட்டிருக்காது. பெரிய எண்ணிக்கையில் தெளிவாகத் தெரியும் விகிதம், ஒரு காயில் தெரியவேண்டிய கட்டாயமில்லை. நம் ஒவ்வொரு குடும்பமும் ஒரு காய் போன்றதே.

இப்போது அந்தத் தந்தையின் கேள்விக்கு வருவோம். முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டால் இரண்டாவதுக்கு வாய்ப்புக் குறையுமா? இரண்டு நாணயங்களும் தலையாக விழும்வரை சுண்டுங்கள். விழுந்ததும் நிறுத்தி, அடுத்து என்ன விழும் என்று உங்களையே கேளுங்கள். சற்றுமுன் தலை விழுந்தது என்பது நாணயத்துக்குத் தெரியாது. அடுத்த முறையும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். அதற்கு அடுத்த முறையும் அதுவே. இதன் மறுபக்கத்தையும் நினைவில் வையுங்கள்: முதல் இரண்டு குழந்தைகள் நலமாகப் பிறந்திருப்பதால் மூன்றாவதுக்கு ஆபத்துக் கூடிவிடுவதுமில்லை, நீங்கிவிடுவதுமில்லை. ஒவ்வொரு கருவுக்கும் கணக்குப் புதிதாகத் தொடங்குகிறது.

நலமாக இருக்கும் அண்ணனும் தங்கையும்

நோயுள்ள குழந்தையின் உடன்பிறந்தவரைப் பற்றிப் பெற்றோர் பெரும்பாலும் கேட்பதில்லை. அவர் ஓடி விளையாடுகிறார், பள்ளி செல்கிறார், கவலை எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். நான்கு விதங்களையும் மீண்டும் காகிதத்தில் எழுதி, இரண்டும் தலையாக விழுந்ததை மட்டும் அடித்துவிடுங்கள். அவருக்கு நோய் இல்லை என்பது ஏற்கெனவே தெரியும் அல்லவா? மீதமிருப்பவை மூன்று. அவற்றில் இரண்டில் ஒரு தலை இருக்கிறது. ஆகவே நலமாக இருக்கும் அந்த உடன்பிறந்தவர் மரபணு சுமப்பவராக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. அவருக்கு இதனால் தீங்கு இல்லை. ஆனால் திருமணப் பேச்சுத் தொடங்கும் முன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். பெற்றோரின் உடன்பிறந்தவர்களுக்கும், அவர்களுடைய பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

சொந்தத்தில் திருமணம்

இதைச் சொல்லும்போது சிலர் முகம் சுருங்கும். நம் குடும்பங்களில் தாய்மாமனையும் அத்தை மகனையும் மணப்பது நெடுநாள் வழக்கம்; அதைக் குறைகூற நான் வரவில்லை. நாணயங்கள் சொல்வதை மட்டும் சொல்கிறேன்.

மரபணு சுமக்கும் ஒரு பெண் தன் தாய்மாமனை மணப்பதாகக் கொள்வோம். அவளிடமுள்ள பழுதான மரபணு தாயிடமிருந்து வந்ததா, தந்தையிடமிருந்தா? ஒரு சுண்டல். தாயிடமிருந்து வந்திருந்தால், தாயின் உடன்பிறந்தவரிடமும் அது இருக்குமா? இன்னொரு சுண்டல். இரண்டு சுண்டலும் தலையாக விழ நான்கில் ஒரு வாய்ப்பு. அதாவது, மாமனும் அதே மரபணுவைச் சுமப்பதற்கான வாய்ப்பு 25 விழுக்காடு. மாமன் மகனையோ அத்தை மகனையோ மணந்தால் மூன்றாவது சுண்டல் ஒன்று சேர்கிறது. வாய்ப்பு எட்டில் ஒன்று, 12.5 விழுக்காடு. இந்தியாவில் பொதுவாக நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பேர் இந்த மரபணுவைச் சுமக்கிறார்கள். சில சமூகங்களில் இன்னும் மிகுதி. உறவல்லாத ஒருவரை மணந்தால் எதிர்பார்க்கக்கூடிய வாய்ப்புத் தோராயமாக அதுவே.

கவனியுங்கள்: எந்தத் திருமணத்திலும் வாய்ப்பு பூச்சியம் இல்லை. உறவுக்குள் நடப்பதில் அது பல மடங்கு கூடுகிறது. எனவே உறவில் மணப்பவர்கள் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. வெளியில் மணப்பவர்கள் அதைத் தேவையற்றது என்று எண்ணவும் கூடாது.

என்ன பரிசோதனை, எப்போது?

முதல் படி, இரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை. சிவப்பணுக்கள் அளவில் சிறியனவாக இருந்தால் ஐயம் எழும். அடுத்தது, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனை. அதில் ஹீமோகுளோபின் ஏ2 என்னும் வகை 3.5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால், அவர் பெரும்பாலும் மரபணு சுமப்பவர். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இந்த அளவு சற்றுக் குறைந்து உண்மையை மறைத்துவிடலாம். அப்போது குறைவைச் சரிசெய்தபின் மறுபடி பார்க்கிறோம். இரத்தசோகை என்று மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை உட்கொண்டும் ஹீமோகுளோபின் ஏறாதவர்கள், இந்தப் பரிசோதனை தமக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேட்கவேண்டும்.

கணவன் மனைவி இருவரும் மரபணு சுமப்பவர்கள் என்று தெரிந்தால், கருவுறும் முன்பே எங்களிடம் வாருங்கள். இருவருடைய மரபணுவிலும் பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை முதலில் கண்டறியவேண்டும். அதற்கு நாட்கள் ஆகும். அது தெரிந்திருந்தால், கருவின் 11 முதல் 13 வாரங்களுக்குள் நச்சுக்கொடியிலிருந்து சிறிதளவு திசுவை எடுத்து, குழந்தையின் நாணயங்கள் எப்படி விழுந்திருக்கின்றன என்பதை அறியலாம். கருவின் பாலினத்தை அறிவிப்பதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது; ஹீமோகுளோபின் தொடர்பான மரபு நோய்களுக்காகப் பதிவுபெற்ற மையங்களில் இந்தப் பரிசோதனை செய்வதை அதே சட்டம் அனுமதிக்கிறது. முடிவு தெரிந்தபின் என்ன செய்வது என்பது பெற்றோரின் உரிமை. காலம் கடக்காமல், விவரம் தெரிந்து அவர்கள் முடிவெடுக்க உதவுவதே எங்கள் கடமை.

மச்சை பொருந்துமா?

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும். எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சைக்கு உடன்பிறந்தவர் பொருந்துவாரா? இதற்கும் இதே நாணயங்கள் போதும். பொருத்தத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் ஒரு தொகுப்பாக உள்ளன. தாயின் இரண்டு தொகுப்புகளில் ஒன்றையும் தந்தையின் இரண்டில் ஒன்றையும் ஒவ்வொரு குழந்தையும் பெறுகிறது. நோயுள்ள குழந்தை பெற்ற அதே இரண்டையும் உடன்பிறந்தவரும் பெற்றிருக்க வாய்ப்பு, மீண்டும் நான்கில் ஒன்று.

பொருத்தமான மச்சை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மட்டுமே இன்னொரு குழந்தையைப் பெற நினைப்பவர்களிடம் நான் இந்தக் கணக்கை முழுமையாகச் சொல்கிறேன். நோய் இல்லாமல் இருக்க நான்கில் மூன்று. பொருந்த நான்கில் ஒன்று. இரண்டும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதால் தனித்தனியே நடப்பவை; பெருக்கினால் பதினாறில் மூன்று. ஐந்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. நம்பிக்கைக்கு இடமுண்டு, ஆனால் அதை உறுதியாகக் கொண்டு திட்டமிட முடியாது. மரபணு சுமக்கும் உடன்பிறந்தவரும் பொருத்தமிருந்தால் மச்சை கொடுக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

நாணயம் சொல்லாதவை

எந்த மாதிரிக்கும் எல்லை உண்டு. இந்த நாணயக் கணக்கு தலசீமியா போன்ற, ஒரே மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானால் வரும் நோய்களுக்கே பொருந்தும். சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ இதைப் போட்டுப் பார்க்காதீர்கள். அவற்றில் பல மரபணுக்களும் வாழ்க்கை முறையும் கலந்திருக்கின்றன. நோய் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதையும் நாணயம் சொல்லாது. ஏற்கெனவே பிறந்து நம் கையில் இருக்கும் குழந்தையைப் பற்றியும் அது எதுவும் சொல்வதில்லை. அந்தக் குழந்தைக்கு வேண்டியவை, தவறாத இரத்தமேற்றம், உடலில் சேரும் இரும்பை அகற்றும் மருந்து, படிப்பு, விளையாட்டு. அங்கே நிகழ்தகவுக்கு வேலை இல்லை.

முதலில் சொன்ன குடும்பத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மகளுக்கு இப்போது பதினான்கு வயது, மகனுக்குப் பத்து. மூன்றாவது முறை கருவுற்றதும் அந்தத் தாய் எட்டாவது வாரத்திலேயே வந்துவிட்டார். பரிசோதனையில், குழந்தை மரபணு சுமப்பவர் மட்டுமே என்று தெரிந்தது. அந்தச் சிறுமிக்கு இப்போது ஆறு வயது. அவளுடைய மச்சை அக்காவுக்கும் அண்ணனுக்கும் பொருந்தவில்லை. அதைச் சொன்ன நாளில் தந்தை என்னைத் தேற்றினார்: "தெரியும் டாக்டர், நான்கில் ஒன்றுதானே."

இப்போதெல்லாம் புதிதாக நோய் கண்டறியப்பட்ட குழந்தையுடன் ஒரு குடும்பம் வந்தால், அன்று அவரும் பிரிவில் இருந்தால், டம்ளரையும் நாணயங்களையும் அவரே கேட்டு வாங்கிக்கொள்கிறார். என்னைவிட அவர் நன்றாக விளக்குகிறார். இரண்டு தலைகள் விழுந்ததும் நிறுத்துவார். எதிரே இருக்கும் தந்தையிடம், "அடுத்தது என்ன விழும், சொல்லுங்கள்" என்பார். அவர் பதில் சொல்லும்வரை காத்திருப்பார். பிறகு நாணயங்களை அவர் கையிலேயே கொடுத்துவிடுவார்.

இரத்தமேற்ற நாட்களில் எங்கள் பிரிவுக்கு வரும் எவரும் இந்தப் பயிற்சியில் அமரலாம். உடன்பிறந்தவர்களையும் தாத்தா பாட்டியையும் அழைத்து வாருங்கள். புரியாத இடத்தில் தலையசைக்க வேண்டாம். இன்னொரு முறை சுண்டச் சொல்லுங்கள்.